கதினா... தோட்டா... அண்டிப்பருப்பு!

'உள்ளே: ஈயக் குண்டு, 500 எண்ணம்' என்று சீட்டு ஒட்டியிருந்த பார்சலை எங்கள் வீட்டுத் திண்ணையில் மெதுவாக வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார் கூரியர் தம்பி.

"அண்ணே... இது வெடிக்காதுல்லா?"

"வெடிக்கணும்னா உள்ளே மருந்து வேணும்லா தம்பி? இது வெறும் ஈயம்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்போதும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பாவம், அந்தப் பார்சலும் நிறைய அலைந்திருந்தது. புதுக்கடைக்கு வரவேண்டியது புதுக்கோட்டைக்குப் போய், அங்கே நாலு நாள் விருந்தாடிவிட்டு வந்திருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன சோகம். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கல்லூரி ஹால் டிக்கெட் வரை அங்கே ஒரு சுற்றுலா போய்விட்டுத்தான் வரும். இந்தத் தடவை மட்டும் போன இடம் பொருத்தம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துப் பிரித்விராஜ் தொண்டைமான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் டிராப் பிரிவில் பறக்கும் தட்டுகளைச் சுட்டவர். குண்டு என்றதும் அங்கேயே அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது!

பார்சல் என் அக்கா மகளுக்கு. வயது பதினாலு. சனி, ஞாயிறுகளில் திருவனந்தபுரம் போய் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். துணைக்குப் போவது வீட்டில் 'வேலைவெட்டி இல்லாத' ஒரே ஆளான நான். (ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனுக்கு எங்கள் வீட்டில் அதுதான் தமிழாக்கம்.)

பி.காம். படித்த எனக்குத் துப்பாக்கி பற்றித் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். ஹீரோ ஓடிக்கொண்டே, உருண்டுகொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே சுடுவார். வில்லனின் ஆட்கள் வரிசையாக விழுவார்கள். நிஜத்தில் நடப்பது பார்க்கவே போரடிக்கிற விஷயம். பத்து மீட்டர் தள்ளி அசையாமல் நிற்கிற ஒரு குறி. அதன் நடுவில் 11.5 மில்லிமீட்டர் வட்டம், அதாவது சட்டைப் பொத்தான் அளவு. அதைத் தொட்டால் 10. ஒரு கையால் பிடித்து, 75 நிமிஷத்தில் 60 தடவை சுடவேண்டும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்'-ல்தான் உயிரே இருக்கிறது.

இரண்டு வாரம் முன்னால் பயிற்சி முடிந்து பஸ்ஸில் வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மக்கா?"

"குண்டு சரியில்ல மாமா. ஒண்ணு நல்லா போகுது. அடுத்தது எங்கேயோ போகுது. எல்லாம் ஒரே மாதிரி இல்ல."

தோற்றவன் மட்டையைக் குறை சொல்வான் என்று முதலில் சிரித்தேன். பிறகு, விஷயம் தெரியாமல் சிரிக்கக்கூடாது என்று படிக்க ஆரம்பித்தேன். படித்தால்... உலகம் பூராவும் இதே கவலையில் தூக்கத்தைத் தொலைத்த ஆசாமிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். முதல் தோட்டா மாதிரியே அறுபதாவது தோட்டாவும் இருக்கவேண்டும்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஒலிம்பிக் கோச் இல்லை. எங்கள் பக்கத்துக் கோயிலில் கதினா போட்ட ஒரு பெரியவர்.

கதினா தெரியாத வாசகர்களுக்காக: கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கோயில்களில் 'வெடி வழிபாடு' உண்டு. காசு கட்டினால் நம் பேரைச் சொல்லி வெடி போடுவார்கள். பட்டாசு அல்ல. உரல் மாதிரி குட்டையான இரும்புக் குழாய். அதற்குள் கருமருந்தைக் கொட்டி, மேலே செங்கல் பொடியைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, ஓரத்தில் தீ வைத்தால் நெஞ்சுக்குள் 'டமார்' என்று ஒரு அதிர்வு. சின்ன வயதில் அந்தப் பெரியவர் மருந்து அடைப்பதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் மூன்று கதினாவில் நடுவிலுள்ளது மட்டும் சவசவவென்று வெடித்தது. மனிதருக்கு ஒரே அவமானம்.

"மருந்து குறைஞ்சு போச்சா தாத்தா?" என்று கேட்டேன்.

"மருந்து மூணுலயும் ஒரே அளவாக்கும். இடிச்ச இடிதான் மாறிப்போச்சு. அளவு மட்டும் ஒண்ணாயிருந்தா போதாது மக்கா, கையும் ஒண்ணாயிருக்கணும்" என்றார்.

அமெரிக்காவில் கைத்தோட்டா அடைக்கிறவர்கள் இதே விஷயத்தைத் தடிதடியாகப் புத்தகம் போட்டு எழுதியிருக்கிறார்கள்!

அங்கே அது ஒரு பெரிய பொழுதுபோக்கு. பிஸ்டல் தோட்டாவில் நாலே நாலு சாமான். பித்தளைக் கூடு. அதன் அடியில், நம் தீபாவளிப் பொட்டு வெடி மாதிரி, அடி விழுந்தால் பொறி கிளப்பும் ஒரு சின்னத் தொப்பி. உள்ளே மருந்து. மேலே குண்டு. சுட்டபின் தொப்பியும் மருந்தும் குண்டும் போய்விடும், கூடு மிஞ்சும். அதைக் கழுவி, நெளிவு எடுத்து, மறுபடி அடைத்துப் பயன்படுத்துகிறார்கள். முதலில் இது சிக்கனத்துக்காக. ஆனால் குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்களுக்குச் சிக்கனம் ஒரு சாக்கு. கம்பெனித் தோட்டா, ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளுக்கும் பொதுவாகத் தைத்த ரெடிமேட் சட்டை. இவர்கள் தன் ஒரே ஒரு துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைக்கிறார்கள்.

மருந்தை நிறுக்க அவர்கள் பயன்படுத்தும் அளவு 'கிரெய்ன்'. 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நம் ஆசாரி தங்கம் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் வரும். குறிப் பிஸ்டல் தோட்டாவுக்கு மருந்து ஒன்றிரண்டு குன்றிமணி எடைதான். அதில் ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கவலைப்படுகிறார்கள்.

இங்கேதான் ஒரு பயங்கரமும் ஒளிந்திருக்கிறது. கூடு பெரிசு, மருந்து கொஞ்சம். கவனப் பிசகாக ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து போட்டுவிட்டாலும் வெளியே தெரியாது. சுடும்போது துப்பாக்கியே கையில் வெடித்துச் சிதறும். காமர்ஸ் படித்த எனக்கு டபுள் என்ட்ரி இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். அங்கே டபுள் என்ட்ரி போட்டால் துப்பாக்கி உதைக்கும்! அதனால்தான் அனுபவஸ்தர்கள் அடைக்கும்போது ரேடியோகூடக் கேட்பதில்லை.

நான் எதிர்பார்க்காத விஷயம் இனிமேல்தான். இவ்வளவு நுணுக்கமாக நிறுக்கிற மருந்து, பிஸ்டல் சுடுகிற 25 மீட்டர் தூரத்தில் அவ்வளவு பெரிய வில்லன் இல்லை. அந்தக் கிட்டத்தில் வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குண்டு ரொம்பத் தாழ்ந்துவிடாது. உண்மையான வில்லன் குண்டின் அடிப்பாகம். அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் மான் என்று ஒரு டாக்டர். வைத்தியத்தைவிடத் தோட்டாவில்தான் அதிக நாட்டம். வருஷக்கணக்கில் சுட்டுச் சுட்டுச் சோதித்து 1909-ல் புத்தகம் போட்டார். குண்டின் மூக்கு கொஞ்சம் நசுங்கியிருந்தால் பெரிய நஷ்டமில்லை, அடிப்பாகம் கோணலானால் போச்சு என்று கண்டுபிடித்தார். யோசித்தால் நியாயம்தான். குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிப்பாகம். பின்னாலிருந்து தள்ளுகிற வாயு ஒரு பக்கம் முந்தி வெளியேறினால் குண்டுக்குத் தலை சுற்றிவிடும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் யாராவது முதுகில் இடித்தால் நாம் எங்கே போய் விழுவோம்? அதே கதை.

25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிக்கான குண்டுக்கு மூக்கே கிடையாது. தட்டையாக, சுண்டுவிரல் நுனியை வெட்டி வைத்த மாதிரி இருக்கும். காகிதத்தில் பிசிறில்லாமல் வட்டமாகத் துளை விழுவதற்காகத்தான். கூரான குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வரும்!

தோட்டா நல்லதா, கை மோசமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனுஷனை விலக்கிவிடுகிறார்கள். பிஸ்டலை ஒரு இரும்புப் பிடியில் இறுக்கி, இயந்திரத்தை வைத்துச் சுடுகிறார்கள். பத்துத் துளையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் தோட்டா பாஸ். அப்புறம் கோளாறு யாரிடம் என்பதில் சந்தேகம் கிடையாது. இப்படியொரு இரும்புப் பிடி எழுத்தாளர்களுக்கும் இருந்தால் நன்றாயிருக்கும். பேனா மோசமா, ஆள் மோசமா என்று பத்திரிகை ஆசிரியர்கள் உடனே தெரிந்துகொள்ளலாம்.

நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். 'நாமும் ரெண்டு அடைத்துப் பார்ப்போமே' என்று யாராவது கிளம்பினால் நேரே கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணவேண்டியதுதான். இத்தனைக்கும் மருந்துக்கும் பீரங்கிக்கும் நம் பக்கம் புதியதல்ல. குளச்சல் சண்டையில் 1741-ல் பிடிபட்ட டச்சுப் படையின் டிலனாய், மார்த்தாண்ட வர்மாவிடமே படைத்தலைவராகி, இங்கே தக்கலை பக்கத்து உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்திருக்கிறார். அவர் கல்லறை இன்றும் அங்கேதான் இருக்கிறது. நீலகிரி அருவங்காட்டில் நூறு வருஷத்துக்கும் மேலாகத் துப்பாக்கி மருந்து தயாராகிறது. ஆனால் அதெல்லாம் ராஜாவுக்கும் ராணுவத்துக்கும். போட்டிக்காரர்களுக்கு எப்போதும் வெளிநாட்டுத் தோட்டாவின் மேல்தான் கண்.

அடைக்க முடியாதவன் என்ன செய்வான்? பொறுக்குவான்.

ஒலிம்பிக்ஸ் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் பயன்படுவது பாயிண்ட் டூ டூ தோட்டா. 2012 லண்டனில் நம் ராணுவத்து விஜய்குமார் ரேபிட் ஃபயரில் வெள்ளி வாங்கினாரே, அந்த வகை. இதில் பொறி கிளப்பும் மருந்து கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஒருமுறை சுட்டால் தீர்ந்தது. அமெரிக்காக்காரராலும் அதை வீட்டில் மறுபடி அடைக்க முடியாது. அதனால் எல்லா நாட்டு வீரர்களும் இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். மாதிரி கம்பெனித் தோட்டாக்களையே நம்பியிருக்கிறார்கள். அங்கே ஒரு வேடிக்கை. ஒரே கம்பெனி, ஒரே பேர், ஒரே விலை, ஆனால் இந்த லாட் என் துப்பாக்கிக்குப் பிடிக்கும், அடுத்த லாட் பிடிக்காது. நம் வீட்டில் நடக்காததா? அதே கடை, அதே மார்க் பொன்னி அரிசி. போன மூட்டை உதிரி உதிரியாக வந்தது, இந்த மூட்டை குழைகிறது! அதனால் தன் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு போய், இரும்புப் பிடியில் வைத்து, பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து, 'இந்த நம்பர் லாட்டில் எனக்கு இத்தனை ஆயிரம்' என்று வாங்கி வருகிறார்கள்.

கூடு பெரிதான சென்டர் ஃபயர் பிஸ்டலில் நம் ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 600-க்கு 590 சுட்டு உலக சாதனையைச் சமன் செய்தார். அன்று அவருக்குக் காய்ச்சல் வேறு. அறுபது குண்டில் பத்தே பத்துப் புள்ளிதான் நஷ்டம்!

அவரிடம் பயின்ற மனு பாக்கர் கதை எல்லோருக்கும் தெரியும். 2021 ஜூலை 25, டோக்கியோ. போட்டி நடுவில் பிஸ்டல் மக்கர் செய்தது. கால் மணி நேரத்துக்கும் மேல் போச்சு. இரண்டே புள்ளியில் ஃபைனல் கைநழுவியது. மூன்று வருஷம் கழித்து 2024 பாரிஸில் ஏர் பிஸ்டலில் வெண்கலம். அங்கேயும் வெள்ளிக்கான சுற்றுக்குப் போகாமல் தடுத்தது வெறும் 0.1 புள்ளி! பத்து வளையத்தையும் பத்தாகப் பிரித்து எண்ணுகிற ஆட்டம் இது. என் அக்கா மகள் 'குண்டு ஒரே மாதிரி இல்லை' என்று பஸ்ஸில் அழுதது ஒன்றும் அநியாயமில்லை என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஏர் பிஸ்டலில் மருந்தே இல்லை. காற்றுதான். குண்டு 4.5 மில்லிமீட்டர், எடை அரை கிராம் சொச்சம். இடுப்பு சிறுத்து, அடியில் பாவாடை விரிந்த மாதிரி ஒரு வடிவம். ஈயம் மெத்தென்றது. டப்பா கீழே விழுந்தால் பாவாடை நெளியும். புதுக்கோட்டை போய்ச் சுற்றிவந்த டப்பாவுக்குக் கேட்கவே வேண்டாம். நெளிந்ததைப் பொறுக்கி எறிவதுதான் மாமாவுக்குத் தரப்பட்ட வேலை.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய தடை இருந்தது. என் பாட்டி.

எங்கள் ஊரில் துப்பாக்கி என்றால் ஒலிம்பிக்ஸ் ஞாபகம் வராது. 1954 ஆகஸ்ட் 11-தான் வரும். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தின் 'விடுதலை நாள்' அது. மார்த்தாண்டத்திலும் எங்கள் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஆட்கள் செத்தார்கள். அப்போது திரு-கொச்சி ராஜ்யத்தில் பட்டம் தாணுப்பிள்ளையின் மந்திரிசபை. சுட்டதற்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்யவேண்டும் என்று அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியாவே கேட்டார். 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் ஆனோம். இன்றும் ஆகஸ்ட் 11 வந்தால் இங்கே தியாகிகள் ஸ்தூபிக்கு மாலை விழும்.

பாட்டிக்கு அன்று பதினொன்று வயது. இதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்.

"கோயில்ல கதினா போடுதாவன்னுதான் நெனச்சேன் மக்கா. அண்ணைக்கு என்ன விசேஷம்னு எங்க அம்மைக்கிட்ட கேட்டேன். பெறவுதான் ஆளுக ஓடி வந்தாவ."

2008-ல் நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை டி.வி.யில் ஒரே ஆரவாரம். பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா, இந்தியாவுக்கு ஒலிம்பிக்ஸில் முதல் தனிநபர் தங்கம். கடைசிக் குண்டுக்கு முன்னால் அவரும் ஃபின்லாந்து வீரரும் சரிசமம். கடைசியில் பிந்த்ரா சுட்டது 10.8! நான் துள்ளிக் குதித்து, "பாட்டி, நம்ம ஆளு சுட்டுட்டான்!" என்று கத்தினேன்.

பாட்டி அடுக்களையிலிருந்து வந்து, "யாரைச் சுட்டான்?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்ல பாட்டி. காகிதத்த!"

அவள் காலண்டரைப் பார்த்தாள். ஆகஸ்ட் 11. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்தக் கணம்தான் தேதி உறைத்தது.

அப்படிப்பட்ட வீட்டில் கொள்ளுப்பேத்தி பிஸ்டலோடு வந்து நின்றால்? ஆறு மாசம் பாட்டி அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பெட்டியை நடுவீட்டில் வைக்கக்கூடாது என்று உத்தரவு. அக்காவும் அத்தானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். 'வெளையாட்டு', 'மெடலு', 'சர்க்கார் வேலைக்குக் கோட்டா' எதுவும் எடுபடவில்லை. பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு சத்தத்தை எழுபது வருஷம் காதில் வைத்திருப்பவளிடம் என்ன வாதாடுவது?

பார்சல் வந்த அன்று மத்தியானம், வெள்ளைத் துணியை விரித்து, மூக்குக்கண்ணாடியோடு நான் குண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். முப்பது பார்ப்பதற்குள் கண்ணைக் கட்டியது. எல்லாம் நல்லதாகவே தெரிந்தது, அல்லது எல்லாம் கெட்டதாகவே தெரிந்தது. பாட்டி கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னத்த பெறக்குத?"

"நல்லது தனியா, நெளிஞ்சது தனியா, பாட்டி."

"கண்ணால பாத்தா தெரியுமா? கையில எடு. வெரலுல உருட்டு."

பாட்டி முப்பது வருஷம் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். வெளியூர்க்காரர்களுக்கு அது முந்திரி ஃபாக்டரி. முதலில் அண்டி தல்லும் வேலை, பிறகு பருப்புத் தரம் பிரிக்கும் வேலை. டபிள்யூ-240 என்றால் பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு, டபிள்யூ-320 என்றால் 300 முதல் 320. தராசெல்லாம் கடைசியில்தான். குவியலில் கை வைத்து, விரல் அசைகிற வேகத்தில் ரகம் பிரிக்கவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், டபிள்யூ-320 பருப்பு ஒன்று ஏறக்குறைய 22 கிரெய்ன்! அமெரிக்காக்காரர் எலெக்ட்ரானிக் தராசு வைத்துச் செய்கிற வேலையை எங்கள் ஊர்ப் பெண்கள் கூலிக்கு விரலால் செய்திருக்கிறார்கள்.

கட்டிலிலிருந்து இறங்கி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு குண்டை எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு. வலது பக்கம் போட்டாள். அடுத்தது. அடுத்தது. ஏழாவதையோ எட்டாவதையோ இடது பக்கம் போட்டாள். நான் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாவாடை ஓரத்தில், சொன்னால் தவிரத் தெரியாத ஒரு நெளிவு.

பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது எம்புட்டுத் தூரம் போவும்?" பாட்டி தலை நிமிராமல் கேட்டாள். கேள்வி என்னிடமா, அவளிடமா தெரியவில்லை.

"பத்து மீட்டர் பெரிய பாட்டி. நம்ம முத்தத்துலேருந்து கிணத்தடி வரைக்கும்."

"அங்க ஆரு நிப்பாவ?"

"ஆரும் இல்ல. பேப்பர்தான்."

பாட்டி 'உம்' என்றாள். குண்டு உருண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவோடு போனோம். கோச் நாலைந்து குண்டைப் பிஸ்டலில் போட்டுச் சுட்டுப் பார்த்துவிட்டு, "குண்டு ஒண்ணாந்தரம். இனிமே குண்டைச் சொல்லி அழக்கூடாது. மணிக்கட்டு ஆடுது, அதைப் பாரு" என்று சொல்லிவிட்டார். சின்னவளுக்கு முகம் விழுந்துவிட்டது. வரும்போது பஸ்ஸில் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே பாட்டியிடம் போய், "பெரிய பாட்டி, கை ஆடாம இருக்கதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

அது ஒரு மாசம் முன்னால். இப்போது மாதாமாதம் டப்பா வந்தால் பாட்டி முன்னால்தான் பிரிக்கப்படுகிறது. நேற்றும் வந்தது. (இந்தத் தடவை நேரே புதுக்கடைக்கே வந்தது, ஆச்சரியம்!) பொறுக்கி முடித்தவளிடம் சோப்பை நீட்டி, "கையக் கழுவுங்க பாட்டி, ஈயம் ஒடம்புக்கு ஆகாது" என்றேன்.

பாட்டி பத்து விரலையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"அண்டி எண்ணெயில வெந்த கையாக்கும்லே இது" என்று சொல்லிவிட்டு, சோப்பை வாங்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போனாள்.